கறித்தூளுக்கும் கெஸ்ட் ஹவுஸுக்கும் கீவேர்ட் தேடுவது எப்படி? கொக்குவிலிலிருந்து ஒரு செய்முறை

யாழ்ப்பாணத்தில் கூகிளில் விளம்பரம் போடவேண்டும் என்று வருகிற கடைக்காரர் முதலில் கேட்பது, "எவ்வளவு காசு போகும்?" நான் திருப்பிக் கேட்பது, "உங்கடை சாமானை ஆர் வாங்கினம், எங்கை இருந்து வாங்கினம்?" இதற்குப் பதில் இல்லாமல், கீவேர்ட்டுகளை, அதாவது ஆட்கள் கூகிளில் அடித்துத் தேடுகிற சொற்களை, எடுத்துத் தருகிற எந்தக் கருவியைத் திறந்தாலும் அது காட்டுவது வேறு யாரோ ஒருவருடைய கணக்கைத்தான். கோண்டாவிலில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை வாங்குகிறவர் ஸ்காபரோவில் இருக்கலாம். நல்லூரில் ரூம் தேடுகிறவர் வெள்ளவத்தையில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். கருவிக்கு அது தெரியாது. நீங்கள் நாட்டையும் மொழியையும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது தன்பாட்டுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு எண்களைக் கொட்டும்.

நான் கொக்குவிலில் இருந்து சின்ன வியாபாரங்களுக்கு இந்த வேலை செய்து கொடுக்கிறேன். கெஸ்ட் ஹவுஸ், தூள் வடகம் செய்கிற வீடுகள், கலியாண மண்டபம், போன் திருத்துகிற கடை, இப்படித்தான். இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகள் அனேகமாக மாதம் ஆயிரக்கணக்கான டொலர் செலவழிக்கிற நிறுவனங்களுக்கு எழுதப்பட்டவை. இது, மாதம் இருபதாயிரம் ரூபாயைக்கூட இரண்டு தரம் யோசித்துச் செலவழிக்கிற ஆட்களுக்கு.

முதலில் வட்ஸ்அப்பைத் திறவுங்கள்

ஒரு வியாபாரத்தைக் கையில் எடுத்தவுடன் நான் கேட்பது அவர்களுடைய போனை. முன்பின் தெரியாத நம்பர்களிலிருந்து வந்த முதல் மெசேஜ்களை மட்டும் வாசித்து, அந்தச் சொற்களை அப்படியே கொப்பியில் எழுதுவேன். திருத்துவதில்லை. எழுத்துப் பிழையும் பிழையாகவே இருக்கவேண்டும்.

நல்லூரில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற ஓர் அண்ணையின் போனில் இருந்தவை, மாதிரிக்கு: "தேருக்கு 12 பேர், 3 ரூம் கிடைக்குமோ", "கோயிலுக்கு நடந்து போற தூரமோ", "வான் நிப்பாட்ட இடம் இருக்கோ", "அம்மாக்குப் படி ஏற ஏலாது, கீழ ரூம் வேணும்", "காலமைச் சாப்பாடு சைவமோ". ஆனால் விளம்பரத்துக்கென்று அண்ணை எழுதித் தந்திருந்தது "லக்சரி பூட்டிக் ஸ்டே". அந்தச் சொல்லை அவருடைய போனில் ஒருவர்கூடப் பாவித்திருக்கவில்லை.

"பிள்ளை, அது வடிவாக் கிடக்கெல்லோ" என்றார்.

வடிவுதான். ஆரும் தேடாத சொல்லுக்கு ஏன் அண்ணை காசு கட்டவேணும்?

கொப்பியில் ஒரு பக்கம் நிரம்பிய பிறகு கூகிளின் தேடல் பெட்டிக்குப் போங்கள். உங்கள் பழைய தேடல்கள் குழப்பாமல் இருக்க மறைநிலைச் சாளரத்தில் (இன்கொக்னிற்றோ) திறவுங்கள். "நல்லூர் ரூம்" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்குக் கீழே விழுகிற பரிந்துரைகள் ஆட்கள் உண்மையிலேயே தேடியவற்றிலிருந்து வருபவை. முடிவுப் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும், நடுவில் வரும் "மக்கள் கேட்கும் கேள்விகள்" பெட்டியையும் விடாதீர்கள். அந்தப் பெட்டியில் ஒரு கேள்வியை அமத்தினால் இன்னும் சில முளைக்கும்.

இந்தப் பரிந்துரைகள் இடத்துக்கு இடம் மாறும். கொக்குவிலில் இருந்து பார்த்தால் கொக்குவிலுக்குரியதுதான் வரும். எங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: வெளிநாட்டில் ஒரு சித்தப்பா, ஒரு மச்சாள் இல்லாத வீடு இங்கே குறைவு. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளிடம் "இந்தச் சொல்லைக் கூகிளில அடிச்சு, கீழ வாறதைப் படம் பிடிச்சு அனுப்பு" என்று கேளுங்கள். காசு கட்டி வாங்குகிற எந்தக் கருவியும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லாது.

ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் தமிழ் என்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. போனில் தமிழ்க் கீபோர்ட் இருந்தாலும் கனபேர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். யாழ்ப்பாணம் என்ற சொல்லின் ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'ஆர் எல்' போடுவார், மூன்றாமவர் வெறும் 'எல்' போடுவார். மிளகாய்த்தூளும் அப்படித்தான், 'ஜி' போடுகிற ஆளும் உண்டு, 'கே' போடுகிற ஆளும் உண்டு. தெற்கிலிருந்து நயினாதீவுக்கு வருகிறவர்கள் யாழ்ப்பாணத்தையும் நயினாதீவையும் சிங்களப் பெயரில் 'யாபனய' என்றும் 'நாகதீப' என்றும் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். எல்லாவற்றையும் கொப்பியில் ஏற்றுங்கள். எது தேறும் என்பதைக் கருவி சொல்லட்டும்.

கீவேர்ட் பிளானர்

இலவசமாகக் கிடைப்பவற்றில் நாட்டுக்கு நாடு தேடல் எண்ணிக்கையையும் விளம்பர விலையையும் சேர்த்துத் தருவது கூகிளின் கீவேர்ட் பிளானர். கூகிளின் விளம்பரச் சேவையான கூகிள் அட்ஸ் கணக்குக்குள்தான் அது இருக்கிறது. கணக்குத் திறக்கும்போது மூன்று இடங்களில் நிதானம் தேவை.

கணக்குத் திறந்தவுடனேயே கூகிள் உங்களைக் கையைப் பிடித்து ஒரு விளம்பரம் போடவைக்கப் பார்க்கும். வங்கிக் காட் விபரமும் கேட்கும். பிளானரைப் பாவிக்கக் கணக்கு முழுமையாக இருக்கவேண்டும் என்பதால் அதைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். கொடுத்து, ஒப்புக்கு ஒரு கம்பேயின் (விளம்பரத் தொகுப்பு) செய்து, உடனே இடைநிறுத்திவிடுங்கள். இடைநிறுத்தியதை ஒரு தரம் திரும்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டாவது, நாணயம். கணக்குத் திறக்கும்போது எந்த நாணயத்தைத் தெரிவு செய்கிறீர்களோ அதைப் பிறகு மாற்ற ஏலாது. மூன்றாவது, நேரவலயம். விளம்பரம் எந்த மணிக்கு ஓடவேண்டும் என்று பின்னர் அமைக்கும்போது அந்தக் கடிகாரத்தைத்தான் கூகிள் பார்க்கும். ரொறன்ரோவில் கோடைகாலத்தில் இரவு 7 மணி என்பது எங்களுக்கு அடுத்த நாள் விடிய 4.30. குளிர்காலத்தில் 5.30. கனடாவுக்குத் தூள் விற்கிறவர் "இரவு 7 முதல் 11 வரை" என்று கணக்குப் பார்க்காமல் போட்டால், அங்கே ஆட்கள் வேலையில் நிற்கிற நேரத்தில் விளம்பரம் ஓடும்.

உள்ளே போனதும் கருவிகள் பகுதியில் பிளானரைத் திறவுங்கள். இரண்டு வழி தெரியும். ஒன்று புதிய சொற்களைக் கண்டுபிடிக்க, மற்றது உங்களிடம் இருக்கிற சொற்களின் எண்ணிக்கையைப் பார்க்க. முதலாவதை எடுத்து, கொப்பியிலிருந்து சொற்களைப் போடுங்கள். ஒரு தரத்தில் பத்துச் சொல்வரை போடலாம். ஆனால் ரூமையும் வான் வாடகையையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒரே வகைச் சொற்களை மட்டும் போடுங்கள். சொல்லுக்குப் பதிலாக ஓர் இணையத்தள முகவரியையும் கொடுக்கலாம். உங்களைவிட நன்றாக ஓடுகிற ஒரு கெஸ்ட் ஹவுஸின் முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான சொற்களை அது எடுத்துத் தரும். இதில் களவு ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்கிறதுதான்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணமான இடம். மேலே நாடு, மொழி என்று இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். அவற்றை வாங்குகிறவர் இருக்கிற நாட்டுக்கும் அவர் தேடுகிற மொழிக்கும் மாற்றுங்கள். மாற்றி மாற்றி, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

கோண்டாவிலில் தூள் செய்து விற்கிற ஒரு மாமியை வைத்துச் சொல்கிறேன். "யாழ்ப்பாண மிளகாய்த்தூள்" என்று தமிழில் போட்டு இலங்கையைத் தெரிவு செய்தால் காற்றுத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் ஆர் கூகிளில் தூள் தேடுகிறார்கள்? சந்தைக்குப் போய் மிளகாயும் மல்லியும் வாங்கி, காயப்போட்டு, வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பார்கள். அதையே ஆங்கிலத்தில் "ஜாஃப்னா கறி பவுடர்", "ஸ்ரீலங்கன் ரோஸ்டட் கறி பவுடர்" என்று போட்டு, கனடாவையும் பிரித்தானியாவையும் தெரிவு செய்யுங்கள். அப்போதுதான் பட்டியல் உயிர் பெறும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். அவர்களோடு படித்த, வேலை செய்கிற வேற்று ஆட்களும் தேடுகிறார்கள். அம்மாமார் தமிழில் தேடினாலும் அவர்களில் பலருக்கு வேண்டியது செய்முறை, விற்பனைக்கு உள்ள பக்கற் இல்லை.

"அப்ப நான் தமிழில விளம்பரம் போட வேண்டாமோ?" என்று மாமி கேட்டார். போடலாம். 2018 முதல் கூகிள் விளம்பரத்தில் தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சொற்கள் பலவற்றில் "தேடல் மிகக் குறைவு" என்ற நிலை விழுந்து விளம்பரம் ஓடாமல் நிற்கும். அதற்காக மனம் உடைய வேண்டாம், அந்தச் சொற்களை உங்கள் இணையத்தளத்தின் பக்கங்களில் எழுதுங்கள். அதற்குக் கிளிக்குக்குக் கிளிக் காசு இல்லை.

பட்டியலை வாசிப்பது

பிளானர் தருகிற நிரல்களில் ஆட்கள் தவறாக விளங்கிக்கொள்கிறவை மூன்று.

மாதச் சராசரி: விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்காத கணக்குகளுக்குச் சரியான எண் தரமாட்டார்கள். 10 முதல் 100, 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000 என்று அகலமான வீச்சுத்தான் வரும். 110 பேர் தேடிய சொல்லும் 900 பேர் தேடிய சொல்லும் ஒரே வரியில் நிற்கும். எனவே அதை எண்ணாக வாசிக்காமல் படியாக வாசியுங்கள். எங்கள் ஊர் வேலைக்கு 10 முதல் 100 என்ற படியே நல்ல படி. ஐந்து ரூம் வைத்திருக்கிறவருக்கு மாதம் பத்தாயிரம் பேர் எதற்கு?

இன்னொன்று, அது பன்னிரண்டு மாதச் சராசரி. நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கென்று ரூம் தேடுகிற சொல் ஒரு மாதத்தில் மட்டும் 1,200 தரம் தேடப்பட்டு மற்ற மாதங்களில் ஒன்றுமில்லை என்று வையுங்கள். சராசரி 100 என்று வரும். "நூறு பேர்தானே" என்று விட்டுவிடுவீர்கள். சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வரைபடத்தில் மாதவாரியாகப் பார்த்தால் மலை எங்கே நிற்கிறது என்று தெரியும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஆடி ஆவணியிலும் மார்கழியிலும் வருகிற வெளிநாட்டுக்காரரின் வான் வாடகை, கலியாண மண்டபம் எல்லாம் இப்படிப் பருவம் பார்த்து ஏறி இறங்குகிறவைதான்.

போட்டி: குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வரும். இது எத்தனை விளம்பரதாரர்கள் அந்தச் சொல்லுக்கு மோதுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. காசு கட்டாமல் இயல்பான முடிவுகளில் முதற் பக்கத்துக்கு வருவது கடினமா சுலபமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "போட்டி குறைவாம், ஒரு கட்டுரை எழுதினால் முதலாவதாக வந்துவிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஏல விலை: பக்கத்தின் மேற்பகுதியில் தெரிவதற்கு மற்றவர்கள் முன்பு ஒரு கிளிக்குக்குக் கொடுத்த விலையின் கீழ் எல்லையும் மேல் எல்லையும். இது உங்களுக்கு இன்று விழப்போகிற விலை அல்ல, ஆனால் கதவு எவ்வளவு உயரம் என்று காட்டும்.

பட்டியலை இறக்கும்போது கூகிள் ஷீட்ஸுக்கு அனுப்புங்கள். சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் நேரே திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து ஏதோ மந்திரம்போல் தெரியலாம்.

காசுக்குள் கொண்டுவருவது

சொற்களை வடிகட்ட எனக்குப் பிடித்த வழி, ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று முதலில் தீர்மானிப்பது. அண்ணையின் ரூம் ஓர் இரவுக்கு 9,000 ரூபாய் என்று வையுங்கள். செலவு போக 4,000 மிஞ்சுகிறது. வருகிறவர் இரண்டு இரவு தங்கினால் 8,000. நாற்பது கிளிக்குக்கு ஒருவர் பதிகிறார் என்று எடுத்தால், 8,000 ஐ 40 ஆல் பிரிக்க 200. அதாவது கிளிக்குக்கு 200 ரூபாய் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. நான் அதில் பாதியைத்தான் எல்லையாக வைப்பேன், 100. பிளானரில் கீழ் எல்லையே 100 ஐத் தாண்டுகிற சொல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டிவிடுவேன். அறை பதிகிற பெரிய தளங்கள் "ஜாஃப்னா ஹோட்டல்ஸ்" போன்ற அகலமான சொற்களுக்கு ஏலம் கேட்கின்றன. அவர்களோடு முட்டப் போனால் கையைக் கடிக்கும். "நல்லூர் கோயிலுக்கு நடை தூரத்தில் ஃபமிலி ரூம்" மாதிரியான நீளமான சொற்களில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அங்கேதான் அண்ணைக்கு இடம் இருக்கிறது. வட்ஸ்அப் கொப்பியில் இருந்தவையும் அவைதானே.

நாள் வரவுசெலவு பற்றி ஒரு விஷயம். நாளுக்கு 700 ரூபாய் என்று போட்டால் சில நாள் 1,400 வரை கூகிள் எடுக்கும். பயப்பட வேண்டாம், மாதத்துக்கு நாள் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது 21,280. வீட்டில் கணக்குப் பார்க்கிறவருக்கு இதை முதலே சொல்லிவையுங்கள்.

வடிகட்டி மிஞ்சியவற்றைத் தேடுகிறவரின் நோக்கத்தின்படி பிரியுங்கள். திருவிழாவுக்கு வருகிறவர், சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வருகிறவர் அல்லது நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறவர், கொழும்பிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர், இப்படி. ஒவ்வொன்றுக்கும் தனி விளம்பரக் குழு (ஒரே வகைச் சொற்களும் அவற்றுக்குரிய விளம்பரமும் சேர்ந்தது), முடியுமானால் இணையத்தளத்தில் தனிப் பக்கம். தேடிய சொல், விளம்பரத் தலைப்பு, திறக்கிற பக்கம் மூன்றும் ஒன்றையே பேசினால் கூகிள் தருகிற தரப் புள்ளி கூடும், கிளிக் விலையும் இறங்கும். தலைப்புக்கு 30 எழுத்துக்குறிதான் இடம். தமிழில் அது கண்மூடி முழிக்கமுன் முடிந்துவிடும், ஆகவே "அன்புடன் வரவேற்கிறோம்" எல்லாம் வேண்டாம். "நல்லூர் கோயிலடி ரூம்" போதும்.

சொற்களை ஏற்றும்போது கூகிள் இயல்பாகவே அகலப் பொருத்தத்தில் வைக்கும். நீங்கள் ஒன்றைக் கொடுக்க அது ஒன்பதுக்குக் காட்டும். சின்ன முதலுக்கு அது ஆகாது. சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் சொற்றொடர்ப் பொருத்தம், சதுர அடைப்புக்குள் போட்டால் துல்லியப் பொருத்தம். "நல்லூர் ரூம்" என்று மேற்கோளோடு தொடங்குங்கள். மிகவும் உழைக்கிற சொற்களைப் பிறகு [நல்லூர் ரூம்] என்று தனியே எடுக்கலாம். துல்லியம் என்ற பெயரை நம்பி இருக்கவும் வேண்டாம், கிட்டத்தட்ட அதே கருத்துள்ள தேடல்களுக்கும் இப்போது அது காட்டும்.

அமைப்புப் பக்கத்தில் இரண்டு பொறி. தேடல் விளம்பரத்தோடு சேர்த்து மற்ற இணையத்தளங்களில் படமாகக் காட்டுகிற டிஸ்பிளே வலையமைப்பு ஏற்கனவே சரி போடப்பட்டிருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இட அமைப்பில் "அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்பதுதான் இயல்பாக இருக்கும். ஸ்ரான்லி வீதியில் போன் திருத்துகிற கடைக்கு அது வீண். "இருப்பவர்கள்" என்று மட்டும் வைத்து, கடையைச் சுற்றிச் சில கிலோமீற்றர் வட்டம் போடுங்கள். கெஸ்ட் ஹவுஸுக்கு நேர்மாறு. யாழ்ப்பாணத்தில் வட்டம் போட்டுப் பயன் இல்லை. இங்கே இருக்கிறவருக்கு வீடு இருக்கிறது. கொழும்பையும் சென்னையையும் ரொறன்ரோவையும் தெரிவு செய்து, அங்கே "இருப்பவர்கள்" என்று வையுங்கள்.

வேண்டாத சொற்கள்

உண்மையில் காசை மிச்சம் பிடிப்பது இந்தப் பகுதிதான். எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரக்கூடாது என்று சொல்கிற பட்டியலை, விளம்பரத்தை ஓடவிடமுன் தயார் செய்யுங்கள்.

"ஜாஃப்னா" என்ற ஒற்றைச் சொல்லை, தேடலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற கூகிள் ட்ரெண்ட்ஸில் போட்டு, கீழே வருகிற தொடர்புடைய தேடல்களைப் பாருங்கள். லங்கா பிரீமியர் லீக் நடக்கிற காலம் என்றால் ஜாஃப்னா அணியின் கிரிக்கெட் வந்து நிற்கும். செய்தி, காலநிலை, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு என்று மற்றவையும் வரும். இவை எல்லாம் வேண்டாத சொற் பட்டியலுக்குப் போகவேண்டும். அதில் ஒரு நுணுக்கம்: வேண்டிய சொற்களுக்குக் கூகிள் ஒத்த கருத்தெல்லாம் தேடிப் பார்ப்பதுபோல வேண்டாத சொற்களுக்குப் பார்க்காது. "ஜொப்" என்று தடுத்தால் "ஜொப்ஸ்" தடைப்படாது. ஒருமை, பன்மை, ஒத்த சொல், தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து எல்லாவற்றையும் நீங்களே போடவேண்டும்.

கெஸ்ட் ஹவுஸுக்கு எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. "நல்லூர் ஹோட்டல்" என்று தமிழில் தேடுகிற ஆள் பெரும்பாலும் தோசைக்குத்தான் வருகிறார். அதே சொல்லை ஆங்கிலத்தில் கொழும்பிலிருந்து அடிக்கிறவர் ரூம் தேடுகிறார். எனவே அந்தச் சொல்லை ஆங்கிலக் குழுவில் மட்டும் வைத்து, தமிழ்க் குழுவில் ரூம், தங்குமிடம் என்று வையுங்கள். "சாப்பாடு", "மெனு", "டெலிவரி", "கொத்து" எல்லாம் தடுப்புப் பட்டியலுக்கு.

தூளுக்கு "ரெசிப்பி", "செய்முறை", "ஹவ் டு மேக்" ஆகியவற்றைத் தடுக்கவேண்டும். தெற்கின் வறுத்த துனபஹ என்கிற சிங்களக் கறித்தூளையும் தடுக்கச் சொன்னேன். எங்கள் தூளில் செத்தல் மிளகாய் சேர்ந்தே அரைபடும், அதில் அப்படி இல்லை. துனபஹ தேடி வந்து மாமியின் தூளை வாங்கிப் போட்டவர் உறைப்புத் தாங்காமல் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் வாரத்தில் நாளாந்தமும், பிறகு வாரம் ஒருமுறையும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த கீவேர்ட் ஒரு நிரலில், ஆள் உண்மையில் அடித்த சொல் இன்னொன்றில் வரும். எல்லாத் தேடலையும் கூகிள் காட்டாது, மிகக் குறைவான பேர் தேடியவற்றை மறைத்துவிடும். காட்டுகிறதை வைத்தே கனக்கச் செய்யலாம். உதவாத சொல்லைத் தடுப்புப் பட்டியலுக்கு அனுப்புங்கள், எதிர்பாராத நல்ல சொல் தலைகாட்டினால் கீவேர்டாக ஏற்றுங்கள். பிளானர் மற்றவர்களுடைய சந்தையைப் பற்றிச் சொல்கிறது. இந்த அறிக்கை உங்கள் வாசலுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் நான் அறிக்கையைத்தான் நம்புவேன்.

சொந்த இணையத்தளம் இருந்தால், அது கூகிள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிற கூகிளின் சேர்ச் கொன்சோலையும் இணைத்து வையுங்கள். இலவசம், 16 மாதத் தரவு வரை காட்டும். அதில் நான் தேடுவது ஒரு வகைச் சொல்லை: கனதரம் காட்டப்பட்டிருக்கும், கிளிக் மட்டும் விழுந்திருக்காது, இடம் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்கும். அதாவது கூகிள் உங்களை அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக நினைக்கிறது, ஆனால் ஆள் இரண்டாம் பக்கத்துக்கு வரவில்லை. அந்தச் சொல்லுக்கு விளம்பரத்தைப் போடுங்கள், அதே நேரம் அந்தப் பக்கத்தையும் திருத்தி எழுதுங்கள். பக்கம் மேலே ஏறிய பிறகு விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற கட்டணக் கீவேர்ட் கருவிகளை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கருவிகள்தான், முழுமையான திட்டங்கள் மாதம் நூறு டொலரைத் தாண்டும். அமெரிக்காவுக்கு ஆங்கிலத்தில் விற்கிறவருக்குப் பெறுமதி. இலங்கைக்கும் தமிழுக்கும் அவற்றில் இருக்கிற தரவு மெலிவு. கோண்டாவில் தூளுக்கு அந்தக் காசை விளம்பரத்திலேயே போடுவது புத்தி. ஏரெஃப்ஸ் உங்கள் சொந்தத் தளத்துக்கு மட்டும் இலவசமாகப் பாவிக்கத் தருவதையும், பிங் வெப்மாஸ்டரின் இலவசக் கீவேர்ட் பகுதியையும் பாவியுங்கள், போதும். இப்படியான கட்டணக் கருவிகள், ஒரு சொல்லுக்கு முதற் பக்கத்தில் வருவது எவ்வளவு கடினம் என்று "கடினப் புள்ளி" என ஓர் எண் தரும். அது அவரவர் மதிப்பீடு, ஒன்றில் 20 என்பதும் மற்றதில் 20 என்பதும் ஒன்றல்ல.

ட்ரெண்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: அது 0 முதல் 100 வரை காட்டுவது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, நீங்கள் எடுத்த காலத்துக்குள் எது உச்சமோ அதை 100 ஆக வைத்த ஒப்பீடு. சில சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்தச் சொல் எந்த நாட்டில் எந்த வாரம் ஏறத் தொடங்குகிறது என்று பார்க்க அதைவிட நல்லது இல்லை.

திருவிழாவுக்கு ரூம் விற்கிறவர் அந்த ஏறத் தொடங்குகிற வாரத்தைத்தான் பிடிக்கவேண்டும். கொடியேற்றத் திகதி வருடத்துக்கு வருடம் மாறும், எனவே போன வருட வரைபடத்தின் திகதிகளை அப்படியே எடுக்காதீர்கள். போன வருடக் கொடியேற்றத்துக்கு எத்தனை வாரம் முன் தேடல் ஏறியது என்று எண்ணி, இந்த வருடக் கொடியேற்றத்திலிருந்து அத்தனை வாரம் பின்னுக்குப் போங்கள். வெளிநாட்டுக்காரர் விமானச் சீட்டு எடுக்கிற காலம் முந்தியது, கொழும்புக்காரர் கடைசி நேரத்தில் தேடுவார். இரண்டு பகுதியினருக்கும் தனித்தனிக் கம்பேயின் வைத்து, தொடக்கத் திகதியை வேறாகப் போடுங்கள். சப்பறம், தேர், தீர்த்தம் என்று 23, 24, 25 ஆம் திருவிழாக்களுக்கு ரூம் முடிந்துவிட்டால் "தேர்" வருகிற சொற்களை அன்றே நிறுத்துங்கள். நிரம்பிய வீட்டுக்குக் கிளிக் வாங்கிப் பயன் இல்லை. எல்லாம் முடிந்ததும் அந்தக் குழுவை அழிக்காமல் இடைநிறுத்தி வையுங்கள். அடுத்த வருடம் திரும்ப இயக்கும்போது பழைய கணக்கும், தடுப்புப் பட்டியலும் அதோடேயே இருக்கும்.